எட்டு செஷன், ஒரு டேப்: கலந்து எழுதலாமா, ஸ்பூல் செய்யலாமா?

சர்வர்களின் டேட்டாவை டேப்பில் பேக்கப் எடுக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனால் எல்லோரும் முதலில் ஏற்றிப் பார்ப்பது செஷன் எண்ணிக்கையைத்தான், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பேக்கப் ஓடுகிறது என்பதை. அது சரிதான். எல்டிஓ-8 வகை டேப் டிரைவ், டேட்டாவைச் சுருக்காமலே நொடிக்கு 360 எம்பி வரை எழுதும். ஒற்றை சர்வர் அந்த வேகத்தில் தருவது அபூர்வம். டேட்டா வரத்து குறைந்தால் டேப் நின்று, பின்னால் ஓடி, மறுபடி கிளம்பும். நேரமும் போகும், டேப்பும் தேயும்.

ஆக, எட்டு செஷன் ஓடட்டும். அவற்றை டேப்பில் எழுத இரண்டு வழி. மல்டிபிளெக்ஸிங் என்றால் வருகிற வரிசையிலேயே கலந்து எழுதுவது. நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருளில் ஒரு டிரைவுக்கு 32 செஷன் வரை வைக்கலாம். ஓர் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. ஸ்பூலிங் என்றால் முதலில் டிஸ்கில் சேர்த்து, அப்புறம் ஒவ்வொரு ஜாபாக, அதாவது ஒவ்வொரு செஷனின் பேக்கப்பையும் தனித்தனியாக, டேப்புக்கு அனுப்புவது.

நான் ஸ்பூலிங் கட்சி. ரீஸ்டோர்தான், அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுப்பதுதான் காரணம். எட்டு ஜாப், ஒவ்வொன்றும் 500 ஜிபி என்று வையுங்கள். கலந்து எழுதிய டேப்பில் ஒரு ஜாபின் துண்டுகள் 4 டிபி நீளத்துக்கும் சிதறிக் கிடக்கும். சீட்டுக்கட்டைக் குலுக்கிவிட்டு ஒரே நிறத்தைப் பொறுக்குகிற கதைதான். முழு வேகத்தில் படித்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே ஜாப் தொடர்ச்சியாக இருந்தால் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சர்வர் படுத்து, பத்து பேர் தலைக்குப் பின்னால் நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். பேக்கப் இரவில் அரை மணி கூடுதலாக ஓடினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஸ்பூலிங்குக்குச் செலவு உண்டு. ஒரு பக்கம் எழுதிக்கொண்டே மறுபக்கம் டேப்புக்கு ஊட்ட வேண்டும் என்பதால் ஒற்றை ஹார்ட் டிஸ்க் தாங்காது, எஸ்எஸ்டி வேண்டும். தினமும் 4 டிபி எழுதினால் வருஷத்துக்கு 1,460 டிபி. வாங்கும்போது எழுதும் ஆயுளைப் பார்த்து வாங்குங்கள். பேக்குலா என்ற பேக்கப் மென்பொருளில் ஒரு ஜாப் டேப்புக்கு இறங்கும்போது அதன் கிளையன்ட், அதாவது பேக்கப் எடுக்கப்படும் சர்வர், காத்திருக்கும். ஸ்பூல் அளவு சிறிதாக இருந்தால் ஜாபும் துண்டுதுண்டாகவே டேப்பில் விழும். ஒரே நேர ஜாப் வரம்பையும் டைரக்டர் (ஜாப்களை நடத்தும் நிரல்), கிளையன்ட், ஸ்டோரேஜ் என ஒவ்வொரு இடத்திலும் உயர்த்த வேண்டும். எங்கே குறைவோ, அதுதான் செல்லும்.

நான் சொல்வதெல்லாம் ஒற்றை டிரைவை வைத்து. பல டிரைவ் உள்ள டேப் லைப்ரரியில் (டேப்களைத் தானே மாற்றும் பெட்டி) எனக்குப் பழக்கம் குறைவு. எஸ்எஸ்டிக்கு வழியில்லையா, மல்டிபிளெக்ஸிங்கே போடுங்கள். டேப் நிற்காமல் ஓடும் அளவுக்கு மூன்றோ நான்கோ செஷன், அதுவும் வேறு வேறு சர்வர்களிலிருந்து. ஒரே ஹார்ட் டிஸ்கிலிருந்து நான்கு செஷன் இழுத்தால் அதன் ஹெட் அங்குமிங்கும் அலைந்தே வேகம் போய்விடும்.