பேர்போன ஓவர்டிரைவ் பெடலா, கடையில் கிடைக்கும் பெடலா? வேலூர் மேடைக்கு எது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கி வைத்திருப்பது ஐபனெஸ் டிஎஸ்9. எல்லா இசைக்கருவிக் கடைக்காரரும் பெயர் அறிந்த, பச்சை நிறத்து ‘டியூப் ஸ்கிரீமர்’ பெடல். அதை வாங்குவதற்கு முன் சில மாதங்கள் காட்பாடி நண்பர் ஒருவரின் பெடலை வைத்து வாசித்தேன். அமெரிக்காவில் ஒரு சிறு பட்டறையில் கையால் செய்தது. தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். நண்பர் வேலைக்காக வெளிநாடு போகும்போது, பிடித்திருந்தால் நீயே எடுத்துக்கொள் என்று நியாயமான விலையும் சொன்னார். பெடல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் வாங்கவில்லை.

கிதார் வாசிப்பவர்களுக்கு ஓவர்டிரைவ் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: ஆம்ப்ளிஃபயரைத் திணறும் அளவுக்கு உரக்க வைத்தால் ஒலி இலேசாகக் கரகரத்து இனிமையாக உடையும், அந்த உடைசலைக் குறைந்த சத்தத்திலேயே தரும் சிறு பெட்டி இது.

சிறு பட்டறைகளில் செய்யும் இத்தகைய பெடல்களை ‘பூட்டிக்’ பெடல் என்பார்கள். அவற்றின் புகழ் எவ்வளவு என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். ஒன்று கிளான் சென்டார். பில் ஃபின்னகன் 1994 முதல் சுமார் 8,000 பெட்டிகளைச் செய்து விற்றார், பிறகு நிறுத்திவிட்டார். இன்று பழைய பெட்டி ஒன்று பல ஆயிரம் டாலருக்குக் கை மாறுகிறது. அந்தப் பரபரப்பு தன்னுடைய வேலை அல்ல என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தன் அடுத்த பெடலான கேடிஆரின் மேலேயே அச்சடித்துவிட்டார் மனிதர். இன்னொன்று அனலாக் மேன் கிங் ஆஃப் டோன். பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதன் மின்சுற்றுக்கு மூலம் மார்ஷல் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட புளூஸ்பிரேக்கர் பெடல். அந்த மூலத்தையே 2023-இல் மார்ஷல் மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இருந்தும் காத்திருப்போர் வரிசை கலையவில்லை.

விலை வித்தியாசம் ஊருக்கே தெரியும். புதிய டிஎஸ்9 அமெரிக்காவில் 100 டாலரை ஒட்டி. சிறு பட்டறைப் பெடல் பெரும்பாலும் 200 முதல் 300 டாலர். நம் ஊர் வந்து சேரும்போது அதன் மேல் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் ஏறிக்கொள்ளும். மறுவிற்பனையில் பூட்டிக் பெடல் விலை இறங்காது என்பார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ அது உண்மையாக இருக்கலாம். வேலூரில் அதன் அருமை அறிந்து பணம் எண்ணுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. குடியாத்தத்துக் கிதார்க்காரரிடம் கிளான் என்று சொன்னால், அது எந்த ஊர்க் கம்பெனி என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் தவறும் இல்லை.

ஒலிக்கு வருவோம். நண்பரின் பெடல் கிளான் வழிவந்தது, நல்ல பெடல். விரலை மென்மையாக வைத்தால் ஒலி தெளிந்துவிடும், அழுத்தினால் கரகரக்கும். தனியாக வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும்போது டிஎஸ்9-ஐவிட அதில் ஒரு விரிவு இருந்தது. கீழ்ச்சுரங்கள் மெலியாமல் நின்றன. இதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் நான் வாசிப்பது வீட்டில் அல்ல. ஞாயிறு காலையில் ஆராதனைப் பாட்டுக் குழுவில். ஆடி மாதத்துத் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் இன்னிசைக் கச்சேரி மேடையில். இந்த இரண்டு இடத்திலும் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஆம்ப்ளிஃபயர்) கிடையாது. கிதார் நேராக, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சருக்குப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் இடையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கும். கிளான் வகைப் பெடல்களுக்குக் கிடைத்த பேரில் பெரும்பங்கு, ஏற்கெனவே சூடேறியிருக்கும் வால்வு ஆம்பை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவதில் கிடைத்தது. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஆளே இல்லாதபோது, தள்ளுகிறவரின் திறமையில் பாதி வீண். வால்வு ஆம்பில் என் அனுபவம் சென்னை ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் வாசித்ததோடு சரி. அதனால் இந்த விஷயத்தில் நான் சொல்வதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப் ஸ்கிரீமர் மேடையில் எப்படி எடுபடுகிறது என்பதற்கு அதன் சுற்றிலேயே விடை இருக்கிறது. ஒலியை உடைக்கும் பகுதியில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளுக்குப் பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. அதைத் தாண்டியதும் இன்னொரு ஜோடி, கிட்டத்தட்ட அதே இடத்திலிருந்து மேல் ஒலிகளைத் தணிக்கிறது. மிஞ்சுவது நடுப்பகுதி. தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி இருக்கும். பலர் குறை சொல்வது இதைத்தான். ஆனால் கீழே பேஸ் கிதாரும் தவிலும் ரிதம் பேடும், மேலே கீபோர்டின் வயலின் ஒலியும் அடைத்துக்கொண்டிருக்கும் நம் மேடையில் கிதாருக்கு மிச்சமிருக்கும் இடமே அந்த நடுப்பகுதிதான். நண்பரின் பெடலில் எனக்குப் பிடித்திருந்த கீழ்ச்சுரங்கள் மேடையில் பேஸ் கிதாரோடு மோதிக் கரைந்தன. சவுண்டு சர்வீஸ்காரரே மிக்சரில் அதைக் குறைத்துவிடுவார். காசு கொடுத்து வாங்கியதை ஒருவர் குமிழைத் திருகி எடுத்துவிடுகிறார் என்றால் எதற்கு அந்தக் காசு?

இவ்வளவும் இருந்தும், ஒலி மட்டுமே கணக்கு என்றால் நண்பரின் பெடலை வாங்கியிருக்கவும் கூடும். என்னைத் தடுத்தது பழுது.

அந்தப் பெடல் என் கைக்கு வருவதற்கு முன்பே ஒருமுறை செத்துப் பிழைத்தது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கச்சேரியில், அவசரத்தில் யாரோ கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்துப் பெடலில் செருகிவிட்டார்கள். பெடல்கள் கேட்பது 9 வோல்ட். நடு ஊசி நெகட்டிவ். பல கீபோர்டு அடாப்டர்களில் நடு ஊசி பாசிட்டிவ். முனை பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பல நேரம் பொருந்தியும் தொலைக்கும். கிளான் வழிவந்த பெடல்களில் ஆபத்து இன்னும் ஒரு படி கூடுதல். உள்ளே மேக்ஸ் 1044 போன்ற ஓர் ஐசி (சிறு மின்சில்லு) 9 வோல்ட்டை இரட்டிப்பாக்கித் தருகிறது. அந்த வகை ஐசி ஏறத்தாழ 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பாசிட்டிவ், நெகட்டிவ் சரியாகவே இருந்தாலும் 12 வோல்ட் ஏறினால் போதும், கதை முடிந்தது.

நண்பர் அதை எங்கள் ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். சத்துவாச்சாரியில் ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கோவில் கூம்பு ஒலிபெருக்கி எல்லாம் பார்க்கிறவர். கையில் எடுத்த வேலையைச் செய்யாமல் திருப்பித் தரும் வழக்கம் இல்லாதவர். அடி மூடியைக் கழற்றிப் பார்த்தால் போர்டு முழுவதும் கறுப்பு எப்பாக்சிப் பிசின். சுற்றை யாரும் நகல் எடுத்துவிடக் கூடாது என்று தயாரிப்பாளர் ஊற்றி மூடியது. கிளான் சென்டாரிலும் இதே ஏற்பாடுதான். தொழில் ரகசியத்தைக் காப்பது அவர்கள் உரிமை. "தம்பி, இதற்கு சால்டரிங் அயர்ன் போதாது, உளியும் சுத்தியலும்தான் வேண்டும்" என்று மெக்கானிக் அண்ணன் மூடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். பெடல் அமெரிக்கா போனது. தயாரிப்பாளர் யோக்கியர், கூலி வாங்காமல் போர்டையே மாற்றிக் கொடுத்தார். ஆனால் போக்குவரத்துச் செலவு நண்பருடையது. பழுதுபார்க்க அனுப்பிய பொருள்தான் திரும்பி வருகிறது என்பதற்குக் காகிதம் சரியாக இல்லையென்றால் சுங்கத்தில் புதுப் பொருளாகவே பார்ப்பார்கள். அதற்குரிய அலைச்சலையும் அவர் பட்டார். இடையில் ஒரு திருவிழாக் காலம் முழுவதும் பெடல் இல்லாமல் ஓடிவிட்டது.

இதே விபத்து டிஎஸ்9-க்கு நேர்ந்தால்? உள்ளே மறைக்க எதுவுமில்லை. அதன் சுற்றுப்படத்தை உலகம் முழுக்க எல்லாரும் வரைந்து வைத்திருக்கிறார்கள். பாகங்கள் துளையில் கால் நுழைத்துப் பற்றவைத்தவை. கண்ணாடி போட்ட மெக்கானிக்கும் பூதக்கண்ணாடி இல்லாமல் வேலை செய்யலாம். பெருக்கும் ஐசி 4558. நம் ஊர் மிக்சர்களிலும் டேப் ரெக்கார்டர்களிலும் காலம்காலமாக இருக்கும் அதே ஐசி. விலை ஒரு சிற்றுண்டிக்கு மேல் போகாது. ஒலியை உடைக்கும் டயோடுகள் சாதாரணச் சிலிக்கான் வகை. 1என்4148 என்று கேட்டால் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கை நிறைய அள்ளித் தருவார்கள். வால்யூம் கண்ட்ரோல் கரகரத்தால் மாற்றலாம், ஜாக் ஆடினால் மாற்றலாம். வேலூரில் ஏதாவது கிடைக்கவில்லையா? காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

என் டிஎஸ்9-இல் மின் ஜாக் ஒருமுறை தளர்ந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்தேன், ஞாயிறு ஆராதனைக்கு வாசித்தேன். மெக்கானிக் வாங்கிய கூலியைச் சொன்னால் சென்னை நண்பர்கள் நம்ப மாட்டார்கள், சொல்லவில்லை.

பூட்டிக் பெடல் எல்லாமே பிசினால் மூடியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல சிறு தயாரிப்பாளர்கள் போர்டைத் திறந்தே வைக்கிறார்கள். சிலருடைய ஈயப் பற்றைப் பார்த்தால் பெரிய கம்பெனிகள் வெட்கப்பட வேண்டும். அப்படிப்பட்ட பெடலாக இருந்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். இருந்தாலும் துளையில்லாமல் மேற்பரப்பிலேயே பற்றவைத்த நுண்ணிய பாகங்கள் கொண்ட போர்டுகள் இரண்டு தரப்பிலும் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றைத் தொட எங்கள் அண்ணனுக்குக் கண்ணும் கருவியும் போதாது.

டிஎஸ்9-இல் குறை உண்டு. அதை அணைத்து வைத்திருந்தாலும் கிதார் ஒலி அதன் மின்சுற்று வழியாகவே போகிறது. அடாப்டர் பிடுங்கிக்கொண்டால் கிதாரும் ஊமை. கிங் ஆஃப் டோன் போல நேரடி வழி உள்ள பெடல்களில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் போனாலும் சுத்தமான ஒலி கடந்துபோகும். இதற்கு நான் செய்திருப்பது, எப்போதும் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டு வைப்பது. இந்தப் பெடல் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பேட்டரி நெடுநாள் வரும். கோவில் திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடும்போது அடாப்டர் வழியாக ஏறும் இரைச்சலுக்கும் பேட்டரிதான் மருந்து. அதோடு, அந்த மின்சுற்று வழியே போவதில் ஒரு லாபமும் இருக்கிறது: மேடையிலிருந்து மிக்சருக்கு நீண்ட ஒயர் இழுக்கும்போது மேல் ஒலிகள் மங்காமல் காக்கிறது. கிளான் சென்டாரும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. அதில் அதைப் புகழ்கிறவர்களே டிஎஸ்9-இல் அதைக் குறையாகச் சொல்வது வேடிக்கை.

வேலூர் வெயிலைப் பற்றியும் ஒருவர் கேட்டார். கிளான் வகையில் இருப்பவை ஜெர்மேனியம் டயோடுகள். ஜெர்மேனியம் வெப்பத்துக்கு மாறும் தன்மை உடையது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் பெடல்கள் (ஒலியை இன்னும் முரட்டுத்தனமாக உடைப்பவை) சூட்டில் குணம் மாறுவது பேர்போன தொல்லை. ஓவர்டிரைவின் டயோடுகளில் அந்த மாற்றம் காதுக்கு எட்டுமா? கத்திரி வெயிலில் திறந்த மேடையில் நண்பரின் பெடலை வாசித்தபோது எனக்குக் கேட்கவில்லை. பெடல் பலகையில் ஒட்டியிருந்த பசைப் பட்டைதான் உருகி வழிந்தது.

கிளான் ஒலிதான் வேண்டும் என்று மனம் கேட்டால் இடைப்பட்ட வழி இருக்கிறது. எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் சோல் ஃபுட் அதே சுற்றை ஒட்டிய, கைக்கு எட்டும் விலைப் பெடல். உள்ளே ஒரு சிறு ஸ்விட்சைத் தள்ளி நேரடி வழியா மின்சுற்று வழியா என்று தேர்ந்துகொள்ளலாம். பெரிங்கர் நிறுவனமும் அந்த வகையில் ஒன்றை இறக்கியது. பெயரையும் தோற்றத்தையும் ஒட்டி எடுத்ததால் 2024-இல் ஃபின்னகன் வழக்குப் போட்டார். டியூப் ஸ்கிரீமர் பக்கத்தில் இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பாஸ் எஸ்டி-1 பாருங்கள். 1981-இலிருந்து விற்கிறது; ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று என்று வைத்திருப்பதால் உடைசல் கொஞ்சம் கரடாக இருக்கும். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். டிஎஸ்9-க்கு முந்தைய டியூப் ஸ்கிரீமரான பழைய டிஎஸ்808 என்று பெரும் விலை சொல்கிறவர்களிடம் மயங்க வேண்டாம். 808-க்கும் 9-க்கும் சுற்றில் உள்ள பேசத்தக்க வேறுபாடு ஒலி வெளியேறும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள். எங்கள் மெக்கானிக் டீ ஆறுவதற்குள் மாற்றிவிடுவார்.

சொந்தமாக வால்வு ஆம்ப் வைத்திருப்பவர், வீட்டிலோ ஒலிப்பதிவிலோ மட்டும் வாசிப்பவர், சென்னைக்கோ பெங்களூருக்கோ அடிக்கடி போய் வருபவர் ஆகியோர் பூட்டிக் பெடல் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். வாங்குவது பழைய பெடலாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் அடி மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். போர்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஐசியின் மேல் எண் சுரண்டப்படாமல் இருக்க வேண்டும். கழற்ற மறுக்கிறவர் பெடல் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.