லாக்டெப், கேசிசான்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். சோதனை போர்டில் ஓடும் கெர்னலில் ‘ப்ரூவ் லாக்கிங்’ ஆப்ஷனை ஆன் செய்யுங்கள், அதற்குப் பிறகு அணைக்காதீர்கள். லாக்குகள், அதாவது ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்கான பூட்டுகள், சரியாக எடுக்கப்படுகின்றனவா என்று பார்க்கும், லாக்டெப் என்று எல்லோரும் அழைக்கும் கருவி அதோடுதான் வருகிறது. இங்கோ மோல்னார் எழுதியது, 2006-இல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. ஏஆர்எம் போர்டுகளுக்கு டிரைவர் எழுதும் வேலையில் பல வருடங்களாக இது என்னுடன் இருக்கிறது. லாக் இல்லாமல் ஒரே மெமரியை இருவர் தொடும் இடங்களைத் தேடும் கேசிசானைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இரண்டும் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதை எழுதி வைக்கத் தோன்றியது.

ரேஸ் கண்டிஷனோ (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் பிழை) டெட்லாக்கோ (ஒருவருக்காக ஒருவர் காத்து உறைந்துவிடுவது) கையில் சிக்காமல் போவதற்குக் காரணம் நேரம். இரண்டு சிபியுக்கள் ஒரே மைக்ரோசெகண்டில் ஒரே இடத்தில் வந்து மோத வேண்டும். நம் மேசையில் வாரக்கணக்கில் ஓடிய போர்டு வேறு இடத்துக்குப் போனதும் நின்றுவிடும், திரும்ப வந்தால் ஒழுங்காக ஓடும். லாக்டெப் அந்த மோதலுக்காகக் காத்திருப்பதில்லை. அது லாக்குகளை வகைவகையாகப் பார்க்கிறது: ஒரே இடத்தில் இனிஷியலைஸ் ஆகும் ஆயிரம் மியூடெக்ஸும் (கிடைக்கும்வரை தூங்கிக் காத்திருக்கும் லாக்) அதற்கு ஒரே வகை. எந்த வகையைப் பிடித்துக்கொண்டு எந்த வகையை எடுத்தோம் என்ற வரிசையைக் குறித்துக்கொள்கிறது. பூட் ஆகும்போது ஒரு பாதை ஏ லாக்கை எடுத்து அதற்குள் பி-யை எடுத்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு பாதை பி-க்குள் ஏ-யை எடுக்கும். அவ்வளவுதான், அறிக்கை வந்துவிடும். சிஸ்டம் ஒரு நொடிகூட நின்றிருக்காது.

இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரிந்தது வொர்க்கியூவில், அதாவது பிறகு செய்ய வேண்டிய வேலைகளை (‘வொர்க்’) வரிசையில் போட்டுவைக்கும் வசதியில். டிரைவரை நிறுத்தும் ஃபங்ஷன் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்கை ரத்து செய்துவிட்டு அது முடியும்வரை காத்திருக்கிறது. அந்த வொர்க் ஃபங்ஷனுக்கும் அதே மியூடெக்ஸ் வேண்டும். இவர் அவருக்காகவும் அவர் இவருக்காகவும் காத்திருப்பார்கள். நிரலை, அதாவது கோடை, கண்ணால் படித்தால் இது எளிதில் தெரியாது, ஏனென்றால் காத்திருப்பது ஒரு லாக்குக்காக அல்ல, ஒரு வேலை முடிவதற்காக. லாக்டெப் வொர்க்கையும் ஒரு லாக் போலவே கணக்கில் வைத்திருப்பதால் இரண்டு பாதைகளும் தனித்தனியே ஒருமுறை ஓடினாலே சொல்லிவிடும். இந்த வகைப் பிழை டிரைவர்களில் மிகச் சாதாரணம்.

இன்டரப்ட் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்கை), வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லரும் எடுக்கிறது, சாதாரணக் கோடும் எடுக்கிறது என்றால், சாதாரணக் கோடு அந்த சிபியுவின் இன்டரப்டை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் லாக்கைப் பிடித்திருக்கும்போதே அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து, அதே லாக்குக்காக என்றென்றும் சுற்றும். இன்டரப்டை அணைத்து லாக்கை எடுக்கும் ‘ஐஆர்க்யூ சேவ்’ வகையை எங்கே மறந்தோம் என்பதை லாக்டெப் பெயரோடு காட்டும்.

அறிக்கையைப் படிக்கப் பழக வேண்டும். முதல்முறை பார்ப்பவர் அதன் நீளத்திலேயே மிரண்டுவிடுவார். நடுவில் சிபியு 0, சிபியு 1 என்று இரண்டு பத்தியாக வரும் சிறிய படத்தை முதலில் பாருங்கள். பிறகு எதைப் பிடித்துக்கொண்டு எதை எடுத்தோம் என்று காட்டும் டிபெண்டன்சி சங்கிலிக்குப் போங்கள். அது தலைகீழ் வரிசையில் இருக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

குறைகளும் உண்டு. முதல் அறிக்கையோடு லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். போர்டு பூட் ஆகும்போதே வேறு யாரோ எழுதிய டிரைவர் ஒரு எச்சரிக்கையைக் கொட்டிவிட்டால், நம் டிரைவரை அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. அமைதியாக இருக்கிறதே என்று நாம் நம்பிவிடுவோம். லாக்டெப் ஸ்டாட்ஸ் கோப்பில் ‘டீபக் லாக்ஸ்’ வரி 1 ஆக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தச் சோதனை முடிவையும் நான் ஏற்பதில்லை. வேகமும் நன்றாகவே குறையும், ஆகவே வாடிக்கையாளருக்குப் போகும் கெர்னலில் இதற்கு இடமில்லை. ஒரே வகை லாக்கை இரண்டு அடுக்காக எடுக்க ‘நெஸ்டட்’ வகை ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பெற்றோர், பிள்ளை என்று நிஜமான அடுக்கு இருந்தால் அது சரி. எச்சரிக்கையை மறைப்பதற்காக அதைப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவியின் கண்ணைக் கட்டிவிட்டுப் பிழையைக் கோடிலேயே விட்டுவைக்கிறோம்.

லாக்டெப் தரும் இன்னொரு வசதியை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை: ‘லாக்டெப் அசர்ட் ஹெல்ட்’. ‘இந்த ஃபங்ஷனை அழைப்பவர் லாக்கைப் பிடித்திருக்க வேண்டும்’ என்று கமென்டில் எழுதுவதற்குப் பதிலாக இந்த ஒரு வரி. கமென்ட் பழசாகிவிடும்; இது ஒவ்வொருமுறை ஓடும்போதும் சரிபார்க்கும்.

ஆனால் லாக்கே எடுக்காமல் விட்ட இடத்தை லாக்டெப் எப்படி அறியும்? அங்கேதான் கேசிசான். 2020-இல் 5.8 கெர்னலில் வந்தது. மெமரியைத் தொடும் இடங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு கண்காணிப்பை வைத்து, அந்த டாஸ்க்கைக் கொஞ்சம் தாமதிக்கிறது. வழக்கமான அளவு 80 மைக்ரோசெகண்ட். அதற்குள் வேறொருவர் அதே இடத்தைத் தொட்டு, இருவரில் ஒருவராவது அங்கே எழுதினால் ரேஸ் பிடிபட்டது. தேர்ந்தெடுத்துப் பார்ப்பதால் ஒருமுறை ஓட்டி எதுவும் வரவில்லை என்று நிம்மதி கொள்ள முடியாது, இரவெல்லாம் ஓட்ட வேண்டும். மெமரிப் பிழைகளைத் தேடும் கேசான் கருவியையும் இதையும் ஒரே கெர்னலில் சேர்க்க முடியாது, தனி பில்ட் தேவை.

கேசிசானின் பெரிய ஆபத்து, ‘ரீட் ஒன்ஸ்’ (மதிப்பை ஒரே தடவையில் படிக்கச் சொல்லும் மேக்ரோ) போட்டால் அறிக்கை நின்றுவிடும் என்பது. நிறுத்து என்று சொல்லும் ஒற்றை ஃபிளாகுக்கு அது பொருத்தமான மருந்து. சேர்ந்தே மாற வேண்டிய இரண்டு ஃபீல்டுகளுக்கு அது மருந்தே இல்லை, அங்கே லாக்தான் வேண்டும். எது எந்த வகை என்று கருவி சொல்லாது.

இரண்டும் கோட்டைவிடும் இடம், யார் எப்போது ஓடுவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலரின் வாசலில் இருக்கிறது. ஒரு கெர்னல் த்ரெட் ‘வேலை வந்திருக்கிறதா’ என்று பார்க்கிறது, இல்லை. தூங்கும் நிலைக்கு மாறப்போகிறது. அந்த இடைவெளியில் மற்றொரு சிபியு வேலையை வைத்து எழுப்புகிறது. த்ரெட் இன்னும் ஓடும் நிலையில்தானே இருக்கிறது, எழுப்பியது வீணாகிவிடும். பிறகு த்ரெட் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும், எழுப்ப யாருமில்லை. முதலில் நிலையை மாற்று, பிறகு நிபந்தனையைப் பார், அதன் பிறகே ஷெட்யூலை அழை என்பதுதான் சரியான வரிசை. அப்போது நடுவில் வரும் எழுப்பல் நிலையைத் திரும்ப ஓடும் நிலைக்கு மாற்றிவிடும், தூக்கம் நடக்காது. ‘வெய்ட் ஈவென்ட்’ மேக்ரோக்கள் இந்த வரிசையை உள்ளேயே வைத்திருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இதைக் கையால் எழுதியிருப்பதை ரிவ்யூவில் பார்த்தால், காரணம் கேட்காமல் நான் விடுவதில்லை.

முன்னுரிமை தலைகீழாவதும் இந்தக் கருவிகளின் கண்ணில் படாது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது அதனால்தான். கீழ்நிலை டாஸ்க் மியூடெக்ஸைப் பிடித்திருக்க, நடுநிலை டாஸ்க் அதை ஓடவிடாமல் செய்ய, அந்த மியூடெக்ஸுக்காக மேல்நிலை டாஸ்க் காத்துக் கிடந்தது. லாக் வரிசையில் பிழையே இல்லை. காத்திருப்பவரின் முன்னுரிமையை லாக்கைப் பிடித்திருப்பவருக்குக் கடன் கொடுக்கும் வசதி அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தது, அந்த மியூடெக்ஸுக்கு அணைந்திருந்தது; பூமியிலிருந்து ஆன் செய்தார்கள்.

லினக்ஸை நேரக் கெடு தவறாமல் ஓடவைக்கும் ப்ரீஎம்ப்ட் ஆர்டி (சுருக்கமாக ஆர்டி) 2024-இல் 6.12 கெர்னலோடு பிரதான மரத்துக்கு வந்துவிட்டதால் இது இப்போது நம் வேலையையும் தொடுகிறது. அதில் சாதாரண ஸ்பின்லாக்கும் தூங்கும், முன்னுரிமையையும் கடன் கொடுக்கும். ரா ஸ்பின்லாக் மட்டும் பழையபடி சுற்றும். ரா ஸ்பின்லாக்குக்குள் சாதாரண ஸ்பின்லாக்கை எடுத்தால் ஆர்டி இல்லாத கெர்னலிலேயே முன்கூட்டிச் சொல்லும் ஆப்ஷனும் லாக்டெப்பில் உண்டு: ‘ப்ரூவ் ரா லாக் நெஸ்டிங்’. ஆர்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதை இன்றே ஆன் செய்யுங்கள், ஜிபிஐஓ (சிப்பின் பொதுப் பயன்பாட்டுப் பின்கள்), ஐஆர்க்யூ சிப் (இன்டரப்டுகளைக் கையாளும் வன்பொருள்) டிரைவர்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.