மாவு, பொடி, புளிக்காய்ச்சல்: பள்ளி வருடத்தில் தாக்குப்பிடித்த சமையல் திட்டம்

சின்னவன் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் தொடங்கிய பழக்கம் இது. இப்போது அவன் நான்காம் வகுப்பு, பெரியவள் எட்டாவது. இவ்வளவு காலம் ஓடிவிட்டதால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதலாம் என்று தோன்றியது. கோவையில் நாங்கள் நான்கு பேர், கூடவே என் மாமியார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி வேன் ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் நிற்கும்.

திட்டம் என்றதும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற அட்டவணைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். திங்கள் எலுமிச்சை சாதம், செவ்வாய் சப்பாத்தி என்று எழுதிவைப்பது. புதனுக்கு எழுதிய கீரை புதனன்று கிடைக்காது, வியாழனன்று ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், அட்டவணை அங்கேயே படுத்துவிடும். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமை வைத்துத்தான் போடுகிறார்கள். அத்தனை பிள்ளைகளுக்குச் சமைக்கிற இடத்தில் அது வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு எதற்கு?

நாங்கள் முடிவு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஞாயிறு மாலைக்குள் என்னென்ன தயாராக இருக்க வேண்டும். ஒரு வாரத்து மாவு, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு டப்பா பருப்புப் பொடி. மீதியை அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் மாவுதான் முதுகெலும்பு. நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரில் அரிசியை இரண்டு தடவையாகப் போட வேண்டியிருக்கிறது, அது ஒரு குறை. உளுந்துக்கு அரை மணி நேரம் கொடுத்து, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்தால் பொங்கி வரும். மிக்ஸியிலும் அரைக்கலாம், ஆனால் மாவு சூடாகிவிடும், இட்லி அவ்வளவு எழும்பாது. கிரைண்டர் பெல்ட் ஒருமுறை மாற்றியாயிற்று. புவிசார் குறியீடு வாங்குகிற அளவுக்குக் கிரைண்டருக்குப் பேர்போன ஊர் என்பதால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் பழகப் பழகத்தான் பிடிபட்டது. பள்ளி திறக்கிற ஜூனில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அடித்து ஊர் குளிர்ந்து கிடக்கும். ஏப்ரலில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு அப்போது விடிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் ஜூன், ஜூலையில் சனிக்கிழமை இரவே அரைத்துவிடுகிறேன். அடுப்பங்கரை அலமாரிக்குள் மூடிவைத்தால் ஞாயிறு மதியத்துக்குள் எழும்பிவிடும். அப்புறம், புளித்த மாவை ஒரே பாத்திரத்தில் வைக்கக் கூடாது. தினமும் வெளியே எடுத்து, கிளறி, உள்ளே வைத்தால் மூன்றாம் நாளே புளிப்பு ஏறிவிடுகிறது. ஒரு நாளுக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால் வியாழன் வரை தாங்கும்.

முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, கடைசி மாவு குழிப்பணியாரம். புளித்த மாவில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிச் சுட்டால், அது பழைய மாவு என்று பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. இட்லியாகக் கொடுத்தால் பெட்டியோடு திரும்பி வருகிற அதே மாவுதான். ஒரு நாள் இரவும் தோசை கேட்டுவிட்டால் கணக்கு உதைக்கும், அந்த வாரம் வியாழனுக்கே ரவை உப்புமா.

மதியச் சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் பிரிகிற வரை கொதிக்கவிட்டால் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கெடாது. இறக்கும்போது துளி வெல்லம் போட்டால் சின்னவனும் சாப்பிடுவான். சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகே கிளற வேண்டும். ஆவி பறக்கப் பறக்க டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்து, மதியம் திறக்கும்போது ஒரு வாடை. பருப்புப் பொடியும் நெய்யும் அவசரத்துக்கு. தயிர் சாதம் என்றால் காலையில் குழைய வடித்த சோற்றைப் பால் விட்டுப் பிசைந்து, ஆறியதும் ஒரு கரண்டி தயிர் சேர்த்துவிட்டால் மதியத்துக்குப் பதமாக உறைந்திருக்கும், புளிக்காது.

எதுவும் தயாராக இல்லாத நாளும் வரும். அன்றைக்கு என் மாமியாரின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "எதுக்கு கண்ணு யோசிக்கற, அரிசிம்பருப்பு வெச்சுடு." கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம்பருப்பு. கடுகு, சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி தாளித்து, மஞ்சள்தூள், கொஞ்சம் சாம்பார் பொடி, உப்பு, தண்ணீர், மூன்று விசில். திறந்ததும் நெய். பருப்பும் சோறும் ஒரே குக்கரில் முடிந்துவிடுவதால் குழம்பு, ரசம் என்று எதுவும் வேண்டாம். ஒரு அப்பளமோ உருளைக்கிழங்கு வறுவலோ இருந்தால் பெரியவள் இரண்டாவது தடவை கேட்கிறாள். இது ஆறினால் இறுகிப்போகும் என்பதால், டப்பாவுக்குப் போகிற நாளில் தண்ணீரை அரை டம்ளர் கூட்டி வைக்கிறேன்.

காலை நேரம் இப்படிச் சமாளிக்கக் கூடியது. உண்மையான சோதனை மாலை நாலரை மணிதான். பையை எறிந்துவிட்டு "அம்மா, பசிக்குது" என்று நிற்கிற அந்தப் பத்து நிமிடத்துக்குத் திட்டம் இல்லாவிட்டால் பிஸ்கட் பாக்கெட்தான் ஜெயிக்கும். பள்ளி வளாகத்திலும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் கடை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எங்களுக்குக் கைகொடுத்தது சுண்டல். கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, தட்டைப்பயறு என்று வாரத்துக்கு இரண்டு வகையை வேகவைத்து, தண்ணீரை வடித்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறோம். அத்தை நாலு மணிக்கு எடுத்து வெளியே வைத்தால் போதும், தாளித்துத் தேங்காய் தூவ ஐந்து நிமிடம். கொண்டைக்கடலை இதற்கு அருமை. பச்சைப் பயறு கொஞ்சம் குழைந்துவிடும், அதை வெல்லம் போட்டு இனிப்பாக்கிவிடுவோம். மற்ற நாளில் அவல், பொரி, கடலை உருண்டை, நேந்திரம் பழம். சுண்டல் சாப்பிட்ட நாளில் இரவு இரண்டு தோசையோடு எழுந்துவிடுகிறார்கள், இரவுச் சமையலும் சுருங்கிவிடுகிறது. இந்தப் பலன் நாங்கள் எதிர்பார்க்காதது.

காலை இடைவேளைக்கான சின்ன டப்பாவில் பழம்தான், பெரும்பாலும் கொய்யா. ஆப்பிள் நறுக்கினால் கறுக்கும், உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் பரவாயில்லை. காய், பழமெல்லாம் ஞாயிறு காலை உழவர் சந்தையில். ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் கீரை தளதளவென்று இருக்கும்.

டிபன் பாக்ஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிந்தாது என்று சொல்லி விற்ற எவர்சில்வர் பெட்டிகளில் மூடியின் சிலிக்கோன் வளையம் ஒரு வருடத்துக்குள் தளர்ந்துவிடுகிறது, புளி வாடையும் அதில் ஏறிவிடுகிறது. வளையம் தனியாக விற்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். அறை பிரித்த அழகான பிளாஸ்டிக் பெட்டிகளைப் பாத்திரம் கழுவுகிறவர் யார் என்று யோசித்துவிட்டு வாங்கலாம்.

குறை என்றால், ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் இதற்கே போய்விடும். கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போன வாரம் கடை மாவு பாக்கெட்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஃப்ரிட்ஜ் சின்னதாக இருந்தாலும், அடிக்கடி கரண்ட் போகிற இடமாக இருந்தாலும் ஃப்ரீசர் யோசனை சரிப்படாது. வீட்டில் நாலு மணிக்கு யாரும் இல்லை என்றால் சுண்டலைக் காலையிலேயே தாளித்து வைத்துவிட்டுப் போக வேண்டும், தேங்காய் மட்டும் சேர்க்காமல்.

இந்த ஜூனிலிருந்து அரிசியில் ஒரு டம்ளரைக் குறைத்துக் கம்பு சேர்த்து அரைக்கிறேன். தோசைக்குச் சரி என்கிறாள் பெரியவள். இட்லிக்கு வேண்டாம், நிறம் பிடிக்கவில்லையாம். சின்னவன் இன்னும் கவனிக்கவில்லை.