பச்சக்குழந்தை இருக்குற வீட்டுக்கு எந்த தெர்மாமீட்டர் வாங்கலாம்? மூணு வகையும் யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதுறேன்

பச்சக்குழந்தை வரப்போற வீட்ல தொட்டில், கொசுவலை, பேபி செட்டுன்னு எது வாங்குறதுக்கு முன்னாடியும் ஒரு சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. பேனா சைஸ்ல இருக்கும்ல, முனைல சின்னதா மெட்டல், நடுவுல குட்டி ஸ்க்ரீன், அதேதான். தெருமுனை மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும், விலையும் ஒரு 200 ரூபா பக்கம்தான் வரும். ஓம்ரான், ஹிக்ஸ், டாக்டர் ட்ரஸ்ட்னு நிறைய கம்பெனி போடுறாங்க, வீட்டு உபயோகத்துக்கு இதுல எது வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லைங்கறது என் அபிப்ராயம். வகைதான் முக்கியம். எங்க வீட்ல மூணு வகை இருந்துச்சு, இந்த சாதா டிஜிட்டல், நெத்திக்கு நேரா காட்டுற இன்ஃப்ராரெட் கன், அப்புறம் அத்தை வருஷக்கணக்கா பத்திரமா வெச்சிருந்த பாதரச தெர்மாமீட்டர்.

ஏன் இதுக்கு இவ்ளோ முக்கியத்துவம்னு கேட்டா, குழந்தை பொறந்த வீட்ல ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்வாங்க. அத்தை புறங்கைய வெச்சு பாத்துட்டு "புள்ளைக்கு உடம்பு சுடுதும்மா"ம்பாங்க, எங்கம்மா அதே நெத்திய தொட்டுட்டு "இல்ல சம்பந்தி, மூணு துணி சுத்தி வெச்சா சுடாம என்ன பண்ணும்"ம்பாங்க, ரெண்டு பேருமே அனுபவசாலிங்கதான், ஆனா இப்பதான் பாத்திரம் கழுவிட்டு வந்த கைக்கு எது தொட்டாலும் சூடாத்தான் தெரியும். டாக்டருக்கு ஃபோன் போட்டா முதல் கேள்வியே "எவ்ளோ இருக்கு?"ங்கறதுதான். 99 இருக்கு டாக்டர்னு சொல்றதுக்கும் 100.8 இருக்குன்னு சொல்றதுக்கும் பதில் மொத்தமா வேற. முதல்ல சொன்னா துணிய தளர்த்துங்க, பால் குடுங்க, மறுபடி பாருங்கம்பாங்க, ரெண்டாவது சொன்னா உடனே கிளம்பி வாங்கம்பாங்க.

அக்குள்ல வெச்சு பாக்குறப்ப பச்சக்குழந்தைக்கு 97.7ல இருந்து 99.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல், செல்சியஸ்ல 36.5 முதல் 37.5. 99.5 தாண்டினா சுத்தி வெச்சிருக்குற துணி, தொப்பி, சாக்ஸ் எல்லாம் எடுத்துட்டு, பால் குடுத்துட்டு, அரை மணி நேரத்துக்குள்ள மறுபடி பாருங்க. அப்பவும் இறங்கலன்னா டாக்டர்கிட்ட போகணும். 100.4, அதாவது 38 செல்சியஸ் வந்துடுச்சுன்னா வெயிட் பண்ற பேச்சே கிடையாது, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிதான். மூணு மாசத்துக்கு உள்ள இருக்குற எல்லா குழந்தைக்கும் இதே ரூல் (ஊசி போட்ட அன்னைக்கு வர்ற காய்ச்சல் மட்டும் தனி, அத கடைசில சொல்றேன்). பெரியவங்களுக்கு 100.4ங்கறது ஒரு மாத்திரைல போற விஷயம், ஆனா பச்சக்குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் முழுசா வந்திருக்காது, கிருமி ரத்தத்துல பரவுறதுக்கும் மூளைய சுத்தி இருக்குற சவ்வுக்கு போறதுக்கும் ரொம்ப நேரம் ஆகாது. அதனாலதான் அங்க போனதும் ரத்தம், யூரின், சில சமயம் முதுகுத்தண்டு நீர் வரைக்கும் டெஸ்ட் எடுக்குறாங்க. அத பாத்துட்டு காசு புடுங்குறாங்கன்னு நினைச்சு எழுந்து வந்துடாதீங்க ப்ளீஸ். பாராசிட்டமால் ட்ராப்ஸ் வீட்ல இருக்கேன்னு நீங்களா ஊத்தாதீங்க, காய்ச்சல் இறங்கினாலும் உள்ள இருக்குற இன்ஃபெக்‌ஷன் இறங்காது, டோஸும் எடைக்கு ஏத்த மாதிரி டாக்டர்தான் சொல்லணும்.

எங்க வேலூர் பக்கம் மே மாசம் பொறக்குற குழந்தைங்கள பத்தி தனியா சொல்லணும். பொறந்து ரெண்டு மூணு நாள்ல தாய்ப்பால் இன்னும் சரியா வராத நேரத்துல, அந்த வெக்கையில ஜன்னல சாத்தி, காத்து பட்டா ஆகாதுன்னு கம்பளில சுத்தி வெச்சா குழந்தைக்கு நீர் குறைஞ்சே உடம்பு சுடும். பால் நல்லா போக ஆரம்பிச்சதும் இறங்கிடும். ஆனா இது நீர் குறைஞ்ச காய்ச்சலா, கிருமி காய்ச்சலான்னு வீட்ல உக்காந்து நம்மளால முடிவு பண்ண முடியாது, அது டாக்டர் பாத்து சொல்ற விஷயம். தண்ணி, க்ளூக்கோஸ் தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் குடுக்காதீங்க, தாய்ப்பால் மட்டும்தான்.

இப்ப நிறைய பேருக்கு தெரியாத பக்கத்துக்கு வரேன், இந்த சாதா டிஜிட்டலுக்கு நான் அதிக மார்க் போடுறதுக்கு காரணமும் இதுதான். பச்சக்குழந்தைக்கு நோய் வந்தா எப்பவும் சூடு ஏறாது, சில சமயம் உடம்பு சில்லுன்னு ஆகிடும். 97.7க்கு கீழ போனாலே குழந்தை குளிருக்கு கஷ்டப்படுதுன்னு அர்த்தம். வயிறு கதகதன்னு இருந்து கை காலு மட்டும் சில்லுன்னு இருந்தா ஆரம்பம், வயிறும் சேந்து சில்லுன்னு இருந்தா சீரியஸ். பாதரச தெர்மாமீட்டர்ல அளவே 94, 95 கிட்டதான் ஆரம்பிக்கும், அதுக்கு கீழ எவ்ளோ போயிருக்குன்னு அதுல தெரியவே தெரியாது. டிஜிட்டல்ல பொதுவா 90 வரைக்கும் காட்டும், அதுக்கும் கீழ போனா எண்ணுக்கு பதிலா ஸ்க்ரீன்ல "லோ"ன்னு வரும். அப்படி வந்தா மெஷின் ரிப்பேர்னு தூக்கி போடாம, அக்குள்ல சரியா வெச்சோமான்னு பாத்து மறுபடி எடுங்க. எண் கம்மியாவே இருந்தா குழந்தைய டயப்பர், தொப்பியோட அம்மாவோட வெறும் நெஞ்சுல போட்டு மேல போர்வை போர்த்துங்க. கங்காரு முறைன்னு சொல்வாங்க, 1978ல கொலம்பியாவுல பொகோட்டா ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது, இப்ப உலகம் பூரா செய்றாங்க. அப்பாவும் செய்யலாம், தாத்தா பாட்டியும் செய்யலாம். அப்படி வெச்சும் ஏறலன்னா, இல்ல குழந்தை பால் குடிக்காம துவண்டு கிடந்தா, நெஞ்சோட அணைச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.

நெத்தி கன்னுக்கு வரேன். ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கினது, பேர் வேண்டாம். தூங்குற குழந்தைய எழுப்பாம ஒரு செகண்ட்ல பாக்கலாம், அந்த வசதிய மறுக்கல. ஆனா ஃபேனுக்கு கீழ ஒரு நம்பர், வேர்த்திருந்தா ஒரு நம்பர், கொஞ்சம் தள்ளி புடிச்சா வேற நம்பர். ஒரே குழந்தைக்கு அடுத்தடுத்து பாத்தா ஒரு டிகிரி வித்தியாசம் காட்டுச்சு, பச்சக்குழந்தைக்கு அந்த ஒரு டிகிரிதான் வீட்ல இருக்கலாமா ஆஸ்பத்திரி போகணுமான்னு முடிவு பண்றது. ரிட்டர்ன் பண்ணிட்டோம். காதுல வெக்கிற வகை ஆறு மாசத்துக்கு அப்புறம்தான், அதுவரைக்கும் காது துவாரம் ரொம்ப சின்னது. பாதரசம் அளவு சரியாத்தான் காட்டும், ஆனா மூணு நாலு நிமிஷம் வெச்சிருக்கணும், உதறி இறக்கணும், உடைஞ்சா கண்ணாடியும் பாதரசமும் தொட்டிலுக்குள்ள, இந்த ஆபத்துக்காகத்தான் பாதரசத்த குறைக்க உலக நாடுகள் சேந்து 2013ல போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துல இத ஒழிக்கணும்னே சேத்திருக்காங்க. அத்தைகிட்ட எடுத்து சொன்னோம், அவங்களே பீரோல இருந்து எடுத்து குடுத்துட்டாங்க.

யூஸ் பண்றது ஈசி, ஆனா அவசரப்படக்கூடாது. குளிப்பாட்டின உடனே, வெளிய போய்ட்டு வந்த உடனே, இறுக்கி சுத்தி வெச்சிருந்து எடுத்த உடனே பாக்காதீங்க, ஒரு 20 நிமிஷம் விடுங்க. அக்குள துடைச்சுட்டு முனைய நடு அக்குள்ல வெச்சு கைய நெஞ்சோட சேத்து மெதுவா புடிச்சுக்கோங்க, பீப் வர்ற வரைக்கும். பால் குடுத்துக்கிட்டே கூட பாக்கலாம், குழந்தையும் அசையாம இருக்கும். ஆசனவாயில வெக்கணும்னு வெளிநாட்டு வீடியோ பாத்து யாரும் வீட்ல ட்ரை பண்ணாதீங்க, நம்ம ஊர்ல டாக்டருங்க கேக்குறது அக்குள் அளவுதான். ஒரு சின்ன குறை, சில மாடல்ல பட்டன அழுத்தி புடிச்சா ஃபாரன்ஹீட் செல்சியஸா மாறிடுது, ராத்திரி தூக்க கலக்கத்துல 37.9ன்னு பாத்துட்டு நம்பர் கம்மியாத்தான இருக்குன்னு விட்டுடக்கூடாது, அது 100.2.

இவ்ளோ சொல்லிட்டு இதையும் சொல்லலன்னா தப்பு. ஸ்க்ரீன்ல 98.4 வந்தா குழந்தை நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பால் குடிக்க மறுக்குது, எழுப்பினாலும் எழல, ஃபிட்ஸ் மாதிரி வெட்டி இழுக்குது, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு வாங்குது, மூச்சு விடும்போது விலாவுக்கு கீழ உள்ள குழி விழுது, முனகுது, உதடு நீலமாகுது, பச்சையா வாந்தி எடுக்குது, தொப்புள சுத்தி சிவந்து சீழ் வருது, இதுல எது இருந்தாலும் தெர்மாமீட்டர தேடாதீங்க, 108க்கு அடிங்க. மூச்ச எண்ணும்போது முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஏன்னா பச்சக்குழந்தை வேகமா மூச்சு விட்டுட்டு சில செகண்ட் நிறுத்தி மறுபடி விடும், அது சகஜம்.

மஞ்சள் காமாலைய இந்த மெஷின் காட்டவே காட்டாது. பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு ரெண்டாவது மூணாவது நாள்ல லேசா வரும், ரெண்டு வாரத்துல போயிடும். பகல் வெளிச்சத்துல நெஞ்சுல விரலால அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளா தெரியுதான்னு பாருங்க. பொறந்த முதல் 24 மணி நேரத்துலயே மஞ்சளா இருந்தா, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கியிருந்தா, ரெண்டு வாரம் தாண்டியும் போகலன்னா டாக்டர் பாத்தே ஆகணும். காலைல வெயில்ல காட்டினா சரியாயிடும்னு நாள் கடத்தாதீங்க, அளவு ரொம்ப ஏறினா மூளைய பாதிக்கும். விக்கல், தும்மல், முகத்துல செம்பொட்டு, மார்பு லேசா வீங்குறது, பெண் குழந்தைக்கு ரெண்டு சொட்டு ரத்தம் படுறது, இதெல்லாம் தானா போயிடும், மார்ப மட்டும் யாரும் அமுக்கி பால் எடுக்க விடாதீங்க. சந்தேகமா இருக்கு ஆனா அவசரம் இல்லன்னா அரசு மருத்துவ ஆலோசனைக்கு 104 நம்பர் இருக்கு, 24 மணி நேரமும் ஃப்ரீ. உங்க ஏரியா விஹெச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்கா நம்பரையும் வாங்கி வைங்க.

எங்க வீட்ல இது ரொம்ப கைகுடுத்தது ஒன்றரை மாச ஊசி அன்னைக்கு. அஞ்சு நோய்க்கு சேத்து போடுற பென்டா தடுப்பூசி போட்டா அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கறது சகஜம், ஊசி போடுற நர்ஸே ட்ராப்ஸ் எவ்ளோன்னு சொல்லி அனுப்புவாங்க, டைமும் நம்பரும் ஒரு பேப்பர்ல எழுதிட்டே வந்தோம், விடியறதுக்குள்ள இறங்கிடுச்சு. ரெண்டு நாள் தாண்டியும் இருந்தாலோ, குழந்தை விடாம கத்தினாலோ, துவண்டு போனாலோ அத ஊசி காய்ச்சல்னு விடாம காட்டிடுங்க.

வாங்கும்போது முனை வளையுற மாடலா, பீப் சத்தம் கேக்குதா, கடைசியா பாத்த அளவு மெமரில நிக்குதான்னு கடையிலயே ஆன் பண்ணி பாருங்க. லைட் இருந்தா ராத்திரிக்கு நல்லது, 100 ரூபா கூட குடுக்கலாம். யூஸ் பண்றதுக்கு முன்னாடியும் அப்புறமும் சோப்புத் தண்ணியிலயோ ஸ்பிரிட்லயோ முனைய மட்டும் துடைச்சா போதும். உள்ள இருக்குறது பட்டன் பேட்டரி, மூத்த குழந்தை வீட்ல இருந்தா கைக்கு எட்டாத இடத்துல வைங்க, முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய மோசமா புண்ணாக்கிடும்.