சைக்கிள்ஸில் செங்கோட்டை வெயில்

புனலூர் அண்ணாச்சி புதிதாக கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கிறார். "வீட்டு வியூ போட பிளெண்டரே போதுமா, காசு கொடுத்து வேற எதுவும் வாங்கணுமா?" என்று கேட்கிறார். வியூ என்றால் கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டும் படம்; பிளெண்டர் அதற்கு உதவும் இலவச மென்பொருள். வருடக்கணக்காக சைக்கிள்ஸில், அதாவது பிளெண்டருக்குள் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கும் பகுதியில், எலிவேஷனும் (முகப்புத் தோற்றம்) இன்டீரியரும் ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். வேகம், டீநாய்ஸ் (படத்தின் புள்ளிகளை நீக்குவது), மெட்டீரியல் பற்றியெல்லாம் ஊரே பேசியாயிற்று. எனக்குத் தீராத தொல்லை ஒன்றுதான்: சூரியன்.

வெளிச்சம் என்றதும் எல்லோரும் கைவைப்பது எச்.டி.ஆர்.ஐ. வானத்தில், அதாவது நிஜ வானத்தைச் சுற்றிலும் வெளிச்ச அளவோடு எடுத்த படத்தில். மாட்டியதும் படம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அது படமெடுத்த ஊரின் சூரியன். என்னிடமுள்ள தொகுப்பில் பாதிக்கு மேல் ஐரோப்பிய வானம். சூரியன் தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் சோம்பிக் கிடக்கிறது. வானத்தைத் திருப்பி வைக்கலாம், சூரியனை உயர்த்த முடியாது. உயர்த்தினால் தொடுவானமே சாய்ந்துவிடும்.

செங்கோட்டை இருப்பது ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில். சித்திரை பிறக்கும் வாக்கில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். ஜூன் கடைசியில் 75 பாகை, அதுவும் வடக்கே சாய்ந்து. இந்தப் பக்கம் கேரள பாணி ஓட்டு வீட்டுக்கு நாலடி இறவாரம் விடுகிறோம். அந்த வெயிலில் வடக்குச் சுவரில் 15 அடிக்கு நிழல் இறங்கும். சுவரே அவ்வளவு உயரம் இருக்காது. 30 பாகைச் சூரியனுக்கு அதே இறவாரம் மறைப்பது இரண்டேகால் அடிதான்.

வடக்குப் பார்த்த மனைக்காரர் ஒருவர், எங்கோ போட்டு வாங்கிய 'மத்தியான வியூ'வை நீட்டி, "தம்பி, திண்ணைல வெயிலு விழுதுல்லா, அப்படியே வேணும்" என்றார். கட்டினால் விழாது என்று சொன்னதற்கு என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

2020-இல் பிளெண்டரின் 2.90 பதிப்போடு வந்த நிஷிதா வானம்தான் என்னைக் காப்பாற்றியது. படமெடுக்காமல், கணக்குப் போட்டே வானத்தை உருவாக்கும் வசதி அது. சூரிய உயரத்தை நாமே கொடுக்கலாம். 75 என்று போட்டதும் திண்ணை இருண்டுபோகும், பயப்பட வேண்டாம். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முற்றத்தில் விழுந்த வெயில் காவித் தரையில் பட்டு, மரச்சட்டத்தில் லேசான சிவப்பாக ஏறியிருக்கும். இதற்கென்று தனி விளக்கு எதுவும் வைக்கவில்லை, சைக்கிள்ஸ் தானாகக் கணக்குப் போட்டது. முதலில் பார்த்தபோது படம் உருவாகிக்கொண்டிருந்த ரெண்டரிங்கை நிறுத்தவே மனம் வரவில்லை.

இத்தனைக்கும் ஜூன் மாதம் இங்கே சூரியனைப் பார்க்கிறவர் யார்? சாரல்! நிஷிதாவில் மேகம் கிடையாது. திரும்பவும் எச்.டி.ஆர்.ஐ.தான். மூட்டம் போட்ட வானமாக எடுத்தால் சூரியனே தெரியாது, பொய்யும் இல்லை. ஆனால் மூட்ட வியூவுக்கு அட்வான்ஸ் கொடுக்கத்தான் ஆளில்லை.

இன்றைக்கு இருக்கிற கடுப்பில் சொல்கிறேன் அண்ணாச்சி, காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். ரெடிமேட் வானத்தை மாட்டி நாலு வியூ தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நான் மாறப்போவதில்லை. வடக்குப் பார்த்த வீடு வந்தால் மட்டும் இங்கே அனுப்புங்கள்.