பையன்களையும் அப்பாக்களையும் உட்கார வைத்த பட்டறை: சுங்கை சிப்புட், மலேசியா

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பிள்ளைப் பாதுகாப்புப் பட்டறை ஒன்று நடந்தது. குடும்பத்துக்கு 10 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு நாள் மதியச் சாப்பாடும் அதில் சேர்ந்தது. நடத்தியவர்கள் வெளியூரிலிருந்து வந்த ஒரு சின்னத் தன்னார்வக் குழு. சில வழக்குகளில் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. நான் 14 வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் கொஞ்சம், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளில் கொஞ்சம் என்று தினமும் 30 பிள்ளைகளுக்கு மேல் ஏற்றி இறக்குகிறேன். எனக்கு 11 வயதில் மகள், 9 வயதில் மகன்.

இதற்கு முன்னால் இப்படிப்பட்ட பேச்சுகளுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். பெண் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, இருட்டில் போகாதே, துணியைச் சரியாகப் போடு, யாரையும் நம்பாதே என்று பயமுறுத்தி அனுப்புவார்கள். அந்த நேரம் பையன்கள் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள், அப்பாக்கள் வெளியே மோட்டாரில் சாய்ந்து நிற்பார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பெண் பிள்ளைகள், பையன்கள், அம்மாக்கள், அப்பாக்கள் என்று நான்காகப் பிரித்தார்கள். இரண்டாம் நாள் மதியம்தான் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். நான் இதை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

பையன்கள் பகுதியில் பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்றார்கள். தரையில் பெரிய மாஜோங் தாளை விரித்து ஒரு பையனை அதில் படுக்க வைத்து, சுற்றிக் கோடு போட்டு உடம்பு வரைந்தார்கள். யார் தொட்டாலும் பரவாயில்லை என்ற இடத்தில் பச்சைப் பொட்டு, கூடாது என்ற இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் பொட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இது பொம்பளப் பிள்ளைங்களுக்குத்தானே சார்?" என்று கேட்டான். மற்ற பையன்கள் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்த தம்பி சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "உன்ன யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டா யாருகிட்ட சொல்லுவ?" என்று கேட்டார். பையன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தான். அப்புறம் சொன்னான், "சொல்ல மாட்டேன் சார். பொட்டைன்னு கேலி பண்ணுவாங்க."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்த வார்த்தையை அவன் எங்கிருந்து கற்றுக்கொண்டான்? நம்மிடமிருந்துதான். அழுகிற பையனைப் பார்த்து அதைச் சொல்லாத அப்பா எங்கள் ஊரில் குறைவு.

2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தை அந்தத் தம்பி அங்கேதான் எடுத்துச் சொன்னார். 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஆணோ பெண்ணோ, அந்தச் சட்டத்துக்குப் பிள்ளைதான். கை வைத்த பிறகுதான் குற்றம் என்று இல்லை, அந்த நோக்கத்தோடு போனில் நைசாகப் பேசி வசப்படுத்துவதே குற்றம். பையன்களுக்கு இது உடனே புரிந்தது, ஏனென்றால் அவர் சொன்ன உதாரணம் போன் கேம். முகம் தெரியாத ஒருத்தர் கேமுக்குள் செலவழிக்கிற டைமண்டைக் காசு கட்டி டாப்-அப் பண்ணித் தருகிறேன், உன் போட்டோ ஒன்று அனுப்பு என்று கேட்டால் என்ன செய்வாய் என்றார். மூன்று பையன்கள் கை தூக்கினார்கள். அவர்களுக்கு அப்படிக் கேட்டு ஏற்கெனவே வந்திருக்கிறது. அதில் ஒருவன் என் வேனில் வருகிற பிள்ளை.

அப்பாக்கள் பகுதிக்கு 20 பேர் போல வந்திருந்தோம். நாற்காலியில் ஒரு ரோத்தானை, அதாவது பிரம்பை, மாட்டி வைத்திருந்தார்கள், மளிகைக் கடையில் கட்டாகத் தொங்குமே, கலர் பிளாஸ்டிக் கொக்கி வைத்தது, அதேதான். இது இல்லாத வீடு யாருடையது என்று கேட்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம் என்று ஒருத்தர் சொன்னார், பாதிப் பேர் தலையாட்டினோம். அவர்கள் வாதம் பண்ணவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் போடாமல், சின்ன வயதில் வாங்கிய ஒரு அடியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கலந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒரு தாளில் இரண்டே வரி: "எதுக்குன்னு மறந்து போச்சு. அப்பா முகம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு." நான் எழுதியதும் கிட்டத்தட்ட அதேதான்.

பள்ளிக்கூட விதியைப் பற்றியும் பேசினார்கள். 1959இல் வந்த பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறை பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்கிறது, பையன்களை அடிக்க இடம் கொடுக்கிறது. பையனுக்கு வலிக்காது, வலித்தாலும் தாங்க வேண்டும் என்பது இப்படித்தான் சின்ன வயதிலேயே மண்டையில் ஏறுகிறது. வீட்டில் கை மீறிப் போனால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் இருக்கிறது. பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 20 வருஷம் வரை சிறை. தண்டனையை இந்த அளவுக்கு உயர்த்தியது 2016இல் வந்த திருத்தம். இதைக் கேட்டதும் ஒருத்தர் எழுந்து வெளியே போய் நின்றார், பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றி எனக்கு மரியாதைதான்.

அம்மாக்கள் பகுதியில் நடந்தது என் மனைவி சொல்லித்தான் தெரியும். அங்கே சூடு பிடித்தது மஞ்சள் நீராட்டு விஷயத்தில். சடங்கு வேண்டாம் என்று அந்தப் பகுதியை நடத்திய டீச்சர் சொல்லவே இல்லையாம். பந்தி போடுங்கள், சேலை கட்டி அழகு பாருங்கள், ஆனால் பிள்ளையை 16 நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைக்காதீர்கள், அவள் படத்தோடு முச்சந்தியில் பேனர் கட்டாதீர்கள், பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தை அதோடு சேர்த்து முகநூலில் போடாதீர்கள் என்றாராம். 12 வயதுப் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள், இந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று நாமே ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம் என்று அவர் கேட்டதில் பல பேருக்கு முகம் மாறிவிட்டதாம். நாங்கள் மகளுக்குப் பேனர் கட்ட ஆர்டர் கொடுப்பதாக இருந்தோம். இப்போது இல்லை.

சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைப்பதையும் பேசியிருக்கிறார்கள். யாரோடாவது ஓடிப் போய்விடுவாள் என்று பயந்து 17 வயதில் கோயிலில் தாலி கட்டி வைக்கிற வழக்கம் நம்மிடம் முழுசாகப் போய்விடவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி 18 வயதாகியிருக்க வேண்டும், கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். 16 முடிந்த பெண்ணுக்கு மட்டும் மந்திரி பெசார், அதாவது மாநில முதலமைச்சர், அனுமதி கொடுத்தால் நடத்தலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பையனுக்கு அந்த வழி கிடையாது. ஏன் பெண்ணுக்கு மட்டும் என்று என் மனைவி வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

இரண்டாம் நாள் மதியம், எங்கே போவது, யாரிடம் சொல்வது என்பதைப் பேசினார்கள். 15999, தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் பழகினார்கள். அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரே இடத்தில் டாக்டர் பார்த்து, போலீஸ், சமூகநல இலாகா எல்லாவற்றோடும் இணைத்து விடுகிற ஏற்பாடு இருக்கிறது. 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் ஆரம்பித்தது அது. பெரியவர்களுக்கு ஒன்று தனியாகச் சொன்னார்கள்: பிள்ளை மீது பாலியல் குற்றம் நடக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2017 சட்டப்படி குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு பிள்ளை ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன் என் வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் பாடிக்கொண்டே வருவாள். ஒரு தவணை விடுமுறைக்குப் பிறகு பாட்டு நின்றது, பேச்சும் நின்றது. கொஞ்ச நாளில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் பெயர் கெட்டுவிடும், நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை நானும் கேட்டுக்கொண்டு வண்டியை ஓட்டினேன். இன்று வரை அது என்னை உறுத்துகிறது.

சரி, குறைகள். கொடுத்த கையேடு முழுக்க மலாயில், எங்கள் லயத்து ஆயாக்கள் எப்படிப் படிப்பார்கள்? அவர்கள்தான் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அம்மாக்கள் பகுதியைச் சனிக்கிழமை மதியம் வைத்ததால் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வர முடியவில்லை. திறப்புரை கொடுத்த உள்ளூர்ப் பெரியவர் பெண் பிள்ளைகள் உடுத்துவதைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். அதற்கப்புறம் அந்த டீச்சர் மைக்கை வாங்கி, தப்பு செய்கிறவன் மேல்தான் தப்பு, துணி மேல் இல்லை என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். அது நல்லதுதான், ஆனாலும் அப்படி ஒருவரை மேடை ஏற்றியிருக்கவே வேண்டாம். இன்னொன்று, தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற இந்தோனேசிய, வங்காளதேசக் குடும்பங்களை யாரும் அழைக்கவில்லை. செம்பனை மரத்தடியில் நாள் முழுக்கத் தனியாக விளையாடுகிற பிள்ளைகள் அவர்களுடையதுதான்.

முடிந்து கிளம்பும்போது அந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கடைசியாக இறங்குகிற பிள்ளை யார் என்று கேட்டார். ஒரு பெண் பிள்ளை, தனியாகத்தான் வருவாள் என்றேன். வரிசையை மாற்ற முடியுமா என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "அண்ணே, உங்கள நம்பாம இல்ல. பெரியவங்களோட தனியா வண்டியில போறது சரிதான்னு பிள்ளைக்குப் பழகிடக் கூடாது. அடுத்த வருஷம் வேன் ஓட்டப் போறது யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றார். திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் தங்கச்சியாக வருகிற மூன்று பிள்ளைகளைக் கடைசியில் இறக்குகிறேன். சுற்றிப் போவதில் 6 கிலோமீட்டர் கூடுகிறது.

ஆண்டு இறுதி விடுமுறையில் திரும்பவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோயில் கமிட்டியில் பெயர் கொடுக்கலாம். அப்பாக்கள் இரண்டு நாளும் முழுசாக வாருங்கள், பாதியில் கிளம்பினால் அந்தத் துண்டுத் தாள் பகுதி போய்விடும். கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும், தோட்டத்து இந்தோனேசியக் குடும்பங்களிடம் போய்ச் சொல்லவும் ஆள் தேடுகிறார்கள். முடிந்தவர்கள் கமிட்டியில் சொல்லுங்கள், அந்தக் குடும்பங்களை ஏற்றி வர என் வேன் இருக்கிறது.