ரேஷியோ டெஸ்ட் பாஸ் என்றதும் ரீவைண்டிங் பாக்கியைத் தீர்த்துவிடாதீர்கள்

எரிந்துபோன 500 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட் டிரான்ஸ்பார்மரை ரீவைண்டிங்குக்கு (காயிலைப் புதிதாகச் சுற்ற) பட்டறைக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க. செம்பை மிச்சம் பிடிக்க எச்.டி. (உயரழுத்த), எல்.டி. (தாழ்வழுத்த) இரண்டு காயிலிலும் ஒரே விகிதத்தில் சுற்றைக் குறைத்துத் தலையில் கட்டுகிறார்கள். விகிதம் மாறாததால் ரேஷியோ டெஸ்டில் சரியாக 44 (ஒரு பேஸுக்கு 11,000 வோல்டுக்கு 250 வோல்ட்) வரும். அடுத்து எச்.டி. பக்கம் 415 வோல்ட் கொடுத்து, "பாருங்கள், மூன்று பேஸிலும் சில மில்லி ஆம்பியர்தான்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த வோல்டேஜில் கோரில் இருக்கும் காந்தப்பாயம் வழக்கமானதில் 4 சதவீதம்கூட இல்லை. ஷார்ட்டான சுற்று அதில் பிடிபடும். கோர் சாச்சுரேட் ஆவது (இனி காந்தம் ஏற்க இடமில்லாமல் நிரம்பிவிடுவது) பிடிபடாது.

சுற்று 10 சதவீதம் குறைந்தால் காந்தப்பாயம் 11 சதவீதம் ஏறும். 1.7 டெஸ்லாவுக்கு டிசைன் செய்த கோர் 1.9-ஐத் தொடும். அந்த இடத்தில் மேக்னடைசிங் கரண்ட் (கோரைக் காந்தமாக்க இழுக்கும் கரண்ட்) எகிறிவிடும். எல்.டி. பக்கம் முழு லோடு 667 ஆம்பியர். நல்ல டிரான்ஸ்பார்மரில் நோ-லோடு கரண்ட் 1.5 சதவீதம், அதாவது 10 ஆம்பியர். அதுவே 8 சதவீதமானால் 53 ஆம்பியர், ஏறக்குறைய 40 கேவிஏஆர் (வேலை எதுவும் செய்யாத ரியாக்டிவ் பவர்). ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஞாயிறு, பொங்கல் எல்லா நாளும். மாதம் 28,800 கேவிஏஆர் மணி.

பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏபிஎஃப்சி பேனலின் சிடி (கரண்டை அளக்கும் காயில்) எல்.டி. பக்கம் இருப்பதால் இதைப் பார்க்கவே பார்க்காது, பவர் ஃபேக்டர் 0.98 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஈபி மீட்டரோ எச்.டி. பக்கம். மாதம் 60,000 யூனிட் ஓடும் ஆலைக்கு பில்லில் 0.83 வாக்கில் வரும். தமிழ்நாட்டில் எச்.டி. இணைப்புக்கு 0.90-க்குக் கீழே போனாலே இழப்பீட்டுக் கட்டணம். பாவம், திட்டு வாங்குவது பேனல்காரர்.

டெலிவரி எடுக்கும் முன் எல்.டி.க்கு முழு 433 வோல்ட் கொடுத்து, எச்.டி.யைத் திறந்துவைத்து அளக்கச் சொல்லுங்கள். அப்போது எச்.டி. புஷ்ஷிங்கில் (வெளி முனைகளில்) 11 கேவி நிற்கும். கயிறு கட்டி ஆட்களை விலக்குங்கள். ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர் வேண்டும். அலைவடிவம் கூர்த்திருப்பதால் சாதா மீட்டர் தப்பாகக் காட்டும். நடு லிம்பில் (கோரின் நடுத் தூணில்) கரண்ட் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. 2 சதவீதம், 13 ஆம்பியருக்குள் என்று வேலை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.  தாண்டினால் சுற்றுக் குறைவு, அல்லது கோர் தகடுகளைத் திரும்ப அடுக்கும்போது மூட்டில் விட்ட இடைவெளி. இரண்டும் பட்டறையின் தவறுதான்.

"ஒரு கெபாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சிடிக்கு முன்னால், டிரான்ஸ்பார்மர் டெர்மினலிலேயே போட்டால் பில்லில் பவர் ஃபேக்டர் ஏறும்தான். கோரின் சூடும் உறுமலும் ஹார்மோனிக்ஸும் அப்படியே இருக்கும். நல்ல டிரான்ஸ்பார்மருக்கு 7 கேவிஏஆர் நிரந்தரமாகப் போடுவது முறையான வேலை. 40 போடச் சொன்னால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.